திக்குகிற பிள்ளைக்கும் சொற்களை விழுங்குகிற பிள்ளைக்கும் ஒரே வைத்தியம் சொல்லிவிட்டேன். எங்கே பிழைத்தது?

கரும்பலகை டீச்சர் எழுதியது:

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 4 படிப்பிக்கிறேன். வகுப்பில் 31 பிள்ளைகள். அதில் இரண்டு பேரைப் பற்றித்தான் கேட்க வந்தேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லமாட்டேன். ஒருவனைப் பையன் என்கிறேன், மற்றவளைச் சின்னவள் என்கிறேன்.

பையனுக்குத் திக்குவாய். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காலையில் இடாப்பு கூப்பிடும்போது அவன் பெயர் 23ஆவது. 20ஆவது பெயர் வரும்போதே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவான். அவன் முறை வந்ததும் வாய் 'உ'வுக்குக் குவியும், சத்தம் வராது. கழுத்து நரம்பு புடைக்கும். மேசைக்கடியில் வலது கால் தட் தட்டென்று அடிக்கும். ஏழெட்டு நொடி கழித்து "உ... உ... உள்ளேன் டீச்சர்". இதில் 'டீச்சர்' மட்டும் எப்போதும் சுத்தமாக விழும். முன் வரிசையில் இரண்டு பேர் அவனுக்கு முந்தியே மேசைக்கடியில் காலைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார்கள்.

சின்னவள் நேர் எதிர். அவளுக்குச் சொல் நிற்பதே இல்லை. இடைவேளை முடிந்து ஓடி வருவாள். "டீச்சர் நேத்மடத்ல அம்மாட கொழ்ந்நுக்கப்ப, இல்ல இல்ல முந்தாநேத்து, அந்த கணக்கப்புள்ள தராசு, நாய் வந்துருச்சி டீச்சர்!" நான் பிரித்து எடுத்தது இவ்வளவு: முந்தாநாள் மடுவத்தில் (தேயிலை நிறுக்கிற கொட்டகை) அம்மா கொழுந்து நிறுக்கும்போது ஒரு நாய் புகுந்து கூடையைத் தள்ளிவிட்டது. கணக்கப்பிள்ளையும் தராசும் எதற்கு வந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. பொகவந்தலாவையில் அவளுடைய மாமா இருக்கிறார். அது அவள் வாயில் 'பொவந்லா'. வகுப்பில் அவளுக்கு மெஷின் என்று பட்டப்பெயர். அவளுக்கு அதில் கவலையே இல்லை, தானும் சிரிப்பாள். நான்தான் போன தவணைத் தேர்ச்சி அறிக்கையில் 'அவசரபுத்தி, கவனக்குறைவு' என்று எழுதினேன்.

இரண்டு பேருக்கும் நான் சொன்னது ஒன்றுதான்: "மூச்ச இழுத்து விட்டுட்டு மெதுவா சொல்லு." சொன்னால் போதாது என்று கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டினேன். நிதானமாகப் பேசினால் ஒரு ஸ்டார். மூன்று வாரத்தில் பையனுக்கு 9 ஸ்டார், சின்னவளுக்கு 2. பையன் முன்னேறுகிறான் என்று நினைத்து எனக்கும் சந்தோஷம். பிறகு ஒருநாள் பின்னேரம் அவனுடைய அம்மா கேட்டடியில் நின்று, "டீச்சர், இப்ப வீட்டுலகூட அவன் பேசுறது கொறஞ்சிருச்சு. தண்ணி வேணும்னா செம்பத் தொட்டுக் காட்டுறான்" என்றார். யோசித்துப் பார்த்தால் அந்த ஸ்டார் எல்லாம் "ஆமா", "இல்ல", "தெரியாது" என்ற ஒற்றைச் சொல்லுக்கு வாங்கியவை. திக்குமோ என்ற பயத்தில் பதிலைச் சுருக்கிக்கொண்டிருக்கிறான். நான் அதற்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அட்டையை அன்றைக்கே கழற்றினேன்.

அதிபர் மூலம் கடிதம் கொடுத்து இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிப் பேச்சுக் கிளினிக்குக்கு அனுப்பினேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பையனைப் பார்த்துவிட்டுத் திக்குவாய் என்று சொல்லி, திரும்ப வரத் திகதி கொடுத்திருக்கிறார்கள். "மெதுவா பேசு என்று சொல்லாதீர்கள்" என்று எனக்கும் செய்தி. சின்னவளிடம் பத்து நிமிடம் படம் காட்டிப் பேசியிருக்கிறார்கள். அவள் முத்து முத்தாகப் பதில் சொல்லியிருக்கிறாள்! பிரச்சினை இல்லை என்று துண்டு எழுதி அனுப்பிவிட்டார்கள். அவளுடைய அம்மாவுக்கு என்மேல் கோபம். "ஒரு பேர் போச்சு டீச்சர்" என்றார். தோட்டத்தில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 'பேர்' என்றால் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவில், விழும் ஒரு நாள் சம்பளம்.

என் கேள்விகள். சின்னவளுக்கு இருப்பது கோளாறா, வெறும் பழக்கமா? கோளாறு என்றால் கிளினிக்கில் எப்படி ஒளிந்துகொண்டது? பையனுக்கு நான் சொன்னது ஏன் பிழை? கேட்பதற்கு நல்ல புத்திமதியாகத்தானே இருக்கிறது. இன்னொன்று: தமிழ்த் தினப் போட்டிக்குக் குழுவாகப் பாட்டுச் சொல்லும்போது பையன் ஒரு இடத்திலும் திக்குவதில்லை. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வகுப்பு டீச்சர், "பாத்தீங்களா, நடிக்கிறான்" என்கிறார். நடிக்கவில்லை என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

நோர்வூட் அப்பா எழுதியது:

டீச்சர், என் மகன் மூன்று வயதில் நன்றாகத் திக்கினான். எங்கள் அம்மா வசம்பு சுட்டு நாக்கில் தடவினார், ஐந்து மாதத்தில் போய்விட்டது. கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னாலும் நாக்கு இளகும் என்பார்கள். வேகமாகப் பேசுகிற பிள்ளைக்கு எதற்கு ஆஸ்பத்திரி? எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) எல்லோரும் வேகமாகத்தான் பேசுவோம். வளர வளரச் சரியாகிவிடும்.

ராகலை டு ராகமை எழுதியது:

நான் பேச்சுச் சிகிச்சையாளர். ராகலைப் பக்கத்து லயத்தில் பிறந்து, ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இதைப் படித்தேன். உங்கள் சின்னவளுக்குத் துண்டு எழுதியது என்னைப் போல ஒருத்திதான் என்பதால் முதலில் எங்கள் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் எழுதியதைப் படித்தால் சின்னவளுக்கு இருப்பது கிளட்டரிங் மாதிரி இருக்கிறது. பிள்ளையைப் பார்க்காமல் முடிவாகச் சொல்லமாட்டேன். தமிழில் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல் புழங்கவில்லை. நான் பெற்றோரிடம் நெரிசல் பேச்சு என்பேன். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் பின்னேரம் ஒரே வாசலால் எல்லோரும் ஏறப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஒருவர் கூடை வெளியே நிற்கும், ஒருவர் செருப்புக் கழன்றுவிடும். 'பொகவந்தலாவை' ஏறும்போது நடுவில் இரண்டு மூன்று எழுத்து கீழே விழுந்துவிட்டன, அவ்வளவுதான்.

எங்கள் துறையில் இதை இப்படி வரையறுக்கிறோம். பேச்சு கேட்பவருக்கு அளவுக்கு மிஞ்சிய வேகமாகவோ, ஓடி நின்று ஓடுவதாகவோ இருக்க வேண்டும். அதோடு மூன்றில் ஒன்றாவது சேர வேண்டும்: "இல்ல இல்ல", "அது வந்து" என்று மாற்றி மாற்றித் தொடங்குவது மிதமிஞ்சி இருப்பது, அசைகளை விழுங்குவது, நிறுத்தமும் அழுத்தமும் தப்பான இடத்தில் விழுவது. சின்னவளின் நாய்க் கதையில் மூன்றுமே இருக்கின்றன. வேகம் என்ற சொல்லில் மட்டும் ஏமாறாதீர்கள். கடிகாரம் வைத்து அளந்தால் இந்தப் பிள்ளைகள் எல்லோரும் மற்றவர்களைவிட வேகமாகப் பேசுவதில்லை. தங்களால் சமாளிக்கக்கூடிய வேகத்தைத் தாண்டிவிடுகிறார்கள், அங்கேதான் சிக்கல். நோர்வூட் அண்ணா சொல்கிற லயத்து வேகம் வேறு. அங்கே எவ்வளவு வேகமாகப் பேசினாலும் கேட்பவருக்குப் புரிகிறதே.

கிளினிக்கில் எப்படி ஒளிந்தது என்று கேட்டீர்கள். நெரிசல் பேச்சு உள்ள பிள்ளை தன் பேச்சில் கவனம் வைத்தால் கொஞ்ச நேரத்துக்குப் பேச்சு தெளிந்துவிடும். புது இடம், முன்பின் தெரியாத ஆள், ஒரு படம், ஒரு கேள்வி, ஒரு பதில்: அந்தப் பத்து நிமிடமும் அவள் கவனமாகத்தான் இருந்திருப்பாள். திக்குவாயில் பெரும்பாலும் இது தலைகீழ். கவனிக்கக் கவனிக்க, 'இப்போது சரியாகச் சொல்ல வேண்டும்' என்று நினைக்க நினைக்க, இறுகும். உங்கள் ஸ்டார் அட்டை பையனை இறுக்கியதும், ஆஸ்பத்திரி மேசை சின்னவளைத் தெளியவைத்ததும் இதனால்தான். இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அப்போது திக்கல் மட்டும் கண்ணில் படும், மற்றது தப்பிவிடும்.

எங்களுக்கே இது பிந்தித்தான் புரிந்தது. திக்குவாயைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் உண்டு. கிளட்டரிங்குக்கு டீசோ வைஸ் என்பவர் தனியாக ஒரு நூல் எழுதியது 1964இல். இதற்கென்று முதல் உலக மாநாடு நடந்தது 2007இல், பல்கேரியாவில். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சிகிச்சையாளர்களைக் கேட்ட ஆய்வுகளில்கூட, திக்குவாய் என்றால் தைரியமாகப் பார்க்கிறவர்கள் இதற்குப் போதிய பயிற்சி இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அங்கே துண்டு எழுதியவர்மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. மொழியும் இருக்கிறது. மலைநாட்டில் தமிழில் பேசி, தமிழில் காது கொடுக்கக்கூடிய எங்கள் ஆட்கள் குறைவு. படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் "ஆப்பிள்" என்று ஒரு சொல் வரும். ஒரு சொல்லில் எங்கே நெரிசல் வரும்? கதை சொல்ல வைக்க வேண்டும். கதையைப் புரிந்துகொள்ள மடுவம் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனிப் பையன். என்ன சொல்ல வேண்டும் என்பது அவனுக்கு முழுசாகத் தெரியும். 'உள்ளேன்' தலைக்குள் தயாராக நிற்கிறது, வெளியே வரும் வழியில் அடைபடுகிறது. அந்த நேரத்தில் மூச்சை இழு, மெதுவாகச் சொல் என்றால், ஏற்கனவே தள்ளிக்கொண்டிருக்கிறவனுக்கு இன்னும் இரண்டு வேலை. அந்தக் கால் தட்டலைப் பாருங்கள். என்றைக்கோ ஒருநாள் காலைத் தட்டிய நேரம் சொல் வெளியே வந்திருக்கும். அடுத்த முறையும் தட்டினான். இப்போது அந்த மந்திரம் வேலை செய்வதில்லை, கால் மட்டும் நிற்கவில்லை. நாம் சொல்லிக்கொடுக்கும் மூச்சும் அப்படியே இன்னொரு ஒட்டாகச் சேர்ந்துவிடும். எத்தனையோ பேர் பேசுமுன் மேல்மூச்சு வாங்குவதைக் கிளினிக்கில் பார்க்கிறேன், கேட்டால் சின்ன வயதில் யாரோ சொல்லிக்கொடுத்தது என்பார்கள்.

பக்கத்து வகுப்பு டீச்சருக்குப் பதில்: கூட்டமாகச் சொல்லும்போதும் பாடும்போதும் திக்கல் கிட்டத்தட்ட மறைந்துபோவது திக்குவாயின் சொந்தக் குணம். உலகம் முழுவதும் அப்படித்தான். அவன் நடிக்கிறான் என்றால் எல்லோரும் சொல்லிவைத்து ஒரே நடிப்பை நடிக்க வேண்டும். கூச்சம், பயந்த சுபாவம், மனப்பிரச்சினை என்று நினைப்பதும் ஆசிரியர்களிடம் மட்டும் உள்ள பிழை அல்ல. 1970இல் அமெரிக்காவில் பேச்சுச் சிகிச்சையாளர்களிடமே திக்குகிற பையன்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பதற்றமானவர்கள், கூச்சமானவர்கள் என்றுதான் அவர்களும் எழுதினார்கள். திக்குவதால் கூச்சம் வரும். கூச்சத்தால் திக்குவாய் வராது. குடும்பத்தில் ஓடும், மூளை பேச்சைக் கோக்கிற விதத்தில் வித்தியாசம் உண்டு. அம்மா திட்டியதால் வந்தது, பயந்துபோனதால் வந்தது என்று யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

நோர்வூட் அண்ணா, உங்கள் மகனுக்குச் சரியானதில் சந்தோஷம். பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில்தான் திக்கல் தொடங்கும். நூறு பிள்ளைகளில் ஐந்து பேராவது ஒரு காலத்தில் திக்குவார்கள், அதில் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே நின்றுவிடும். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் தங்குகிறது. உங்கள் மகன் அந்தப் பெரிய கூட்டத்தில் இருந்தான், வசம்பு நடுவில் வந்து பேர் வாங்கிக்கொண்டது. தயவுசெய்து யாருக்கும் வசம்பு கொடுக்கச் சொல்லாதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அது நஞ்சாகக்கூடும். கூழாங்கல் தொண்டையில் இறங்கினால் அதைவிட மோசம். டீச்சருடைய பையனுக்கு 9 வயது. இனித் தானாகப் போகும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. கொடுத்த திகதிக்குக் கட்டாயம் போகட்டும்.

சின்னவளுக்குப் புதுக் கடிதம் எழுதுங்கள். 'வேகமாகப் பேசுகிறாள்' என்று எழுதாதீர்கள். 'இடைவேளையில் கதை சொல்லும்போது பாதிதான் எனக்குப் புரிகிறது' என்று எழுதுங்கள். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அவள் ஆசையாகப் பேசும்போது போனில் பதிந்து அனுப்புங்கள். வாசிப்பு வேண்டாம், கதைதான் வேண்டும். கேட்கும் பரிசோதனையும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள், அது வழமை. "மெதுவா" என்பது அவளுக்கு இரண்டு வசனம் தாங்கும், பிறகு மறந்துபோகும். அதற்குப் பதிலாக, எனக்குப் புரியவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டு, "எங்க நடந்துச்சு? யாரு இருந்தா?" என்று கேளுங்கள். கேட்பவருக்கு எட்டவில்லை என்பதே அவளுக்குத் தெரியாது, பட்டப்பெயருக்குச் சிரிக்கிறாள் என்றீர்களே. நீண்ட ஊர்ப்பெயர்களைக் கைதட்டிச் சொல்லச் சொல்லுங்கள்.

பையனுக்கு ஒன்றே ஒன்று: காத்திருங்கள். சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள், முகத்தைத் திருப்பாதீர்கள். இடாப்பை என்ன செய்யலாம் என்று அவனிடமே தனியாகக் கேளுங்கள்.

கொட்டகலை இறக்கம் எழுதியது:

வாசித்துக்கொண்டே வந்தவன் கால் தட்டலில் நின்றுவிட்டேன். எனக்குக் கால் இல்லை, கண். இறுக்கி மூடுவேன். 38 வயதாகிறது, இன்னும் மூடுகிறேன்.

ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறேன், வீடு கொட்டகலையில். படிக்கிற காலத்தில் ஹட்டனில் பஸ் ஏறினால் கொண்டக்டர் முன்னால் வந்து நிற்பார். எனக்குக் 'கொ' வராது. பின்னால் இருபது பேர், பஸ் ஆடுகிறது, அவர் விரலிடுக்கில் காசை மடித்துப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்ப்பார். 'தலவாக்கலை' எனக்குச் சுலபமாக வரும். தலவாக்கலைக்கு டிக்கட் எடுத்துவிட்டுக் கொட்டகலையில் இறங்குவேன். மூன்று வருடம் அப்படித்தான். "தம்பி, இன்னும் வரலியே" என்று ஒருநாள் ஒரு கிழவி கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அன்றைக்கு உண்மையாகவே தலவாக்கலைவரை போய் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். அவருக்குப் பதில் சொல்வதற்கும் அதே 'கொ'தானே வேண்டும்!

வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் திக்குவதே குறைந்துவிட்டது என்று நினைத்தார்கள். வராத சொல்லுக்கு வேறு சொல் போட்டுப் பேசப் பழகிவிட்டேன். இப்படி ஒளித்துப் பேசினால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே நாள் முழுக்கக் கணக்கு. டீச்சர், உங்கள் பையன் "ஆமா, இல்ல" என்று பேசத் தொடங்கியது எனக்கு நன்றாகத் தெரிந்த பாதை. அட்டையைக் கழற்றியது நல்லது.

இன்னொன்று. 23ஆவது பெயர் என்றீர்கள். அந்த 22 பெயரும் அவனுக்கு எப்படிக் கேட்கும் தெரியுமா? எனக்கு வாசிப்பு வரிசை வரும்போது, எனக்கு எந்தப் பந்தி விழும் என்று எண்ணிப் பார்த்து, அதில் 'க' எத்தனை இருக்கிறது என்று தேடுவேன். முன்னால் வாசித்தவர்கள் என்ன வாசித்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பரீட்சையில் அந்தப் பாடத்தில் எனக்கு எப்போதும் குறைவு, கவனமில்லை என்று சேர் எழுதுவார்.

ஹப்புத்தளை தமிழ் சேர் எழுதியது:

ஓய்வு பெற்றவன், ஒரு சிறு யோசனை. கைதட்டுவதற்குப் பதில் யாப்பில் வருகிற அசை பிரிப்பைச் சொல்லிக்கொடுக்கலாமே. பொக / வந் / தலா / வை: நிரை, நேர், நிரை, நேர். தரம் 4க்குப் பெயர் வேண்டாம், பிரிப்பு போதும். இலக்கணமும் படிந்துவிடும். எங்கள் காலத்தில் திக்கினால் பிரம்புதான். நானும் அடித்திருக்கிறேன். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத முடியவில்லை.

ராகலை டு ராகமை எழுதியது:

சேர், யோசனை அழகு. ஆனால் யாப்பு இரண்டு குறிலைச் சேர்த்து ஒரே நிரையாக்கிவிடும், சின்னவள் விழுங்குவதே அந்தக் குறில்களைத்தான். உயிர் ஒன்றுக்கு ஒரு தட்டு வேண்டும். பொ, க, வந், த, லா, வை: ஆறு. உங்கள் கணக்கில் நாலு. அந்த இரண்டு வித்தியாசத்தில்தான் அவளுடைய பேச்சு விழுகிறது.

கரும்பலகை டீச்சர் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. தவணைப் பரீட்சைத் தாள் திருத்துகிற அமளியில் வர முடியவில்லை.

சின்னவளின் அம்மாவிடம் கேட்டு, இடைவேளையில் போனில் பதிந்தேன். 1 நிமிடம் 40 நொடி. பெரியம்மா வீட்டுக் கோழி லயத்துக் கூரையில் ஏறிய கதை. மறுநாள் பள்ளி விட்ட பிறகு அவளை மட்டும் இருத்தி அதைப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பாதியில், "இந்தப் புள்ள என்ன சொல்லுது டீச்சர்?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்தேன். இல்லை. கோழி வந்த பிறகுதான் முகம் மாறியது. "அய்யோ, நானா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள், ஐந்து தடவை. ஐந்தாவது தடவை ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, "இங்கன பெரியம்மா போயிருச்சி" என்றாள். 'பெரியம்மாவும்' என்ற சொல் அந்த இடத்தில் உண்மையிலேயே காணாமல் போயிருந்தது. நான்கூடக் கவனிக்கவில்லை.

கைதட்டலை இரண்டு பேருக்கும் தனியாகச் செய்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று முழு வகுப்புக்கும் ஒரு பஸ் விளையாட்டு ஆக்கினேன். அக்கரப்பத்தனையில் ஏறி, ஹோல்புறூக், லிந்துலை என்று தலவாக்கலைவரை. இறங்குகிற ஊரைத் தட்டித் தட்டிச் சொன்னால்தான் டிக்கட். அக்கரப்பத்தனைக்கு ஆறு, லிந்துலைக்கு மூன்று. ஹோல்புறூக்குக்கு எத்தனை என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை. கொண்டக்டர் வேலைக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். பையனும் தூக்கினான். எனக்குள் பக்கென்றது, ஆனாலும் கொடுத்தேன். வாசல் கதவில் தொங்கிக்கொண்டு, கொண்டக்டர்கள் இழுக்கிற அதே ராகத்தில், "தலவாக்கல தலவாக்கல தலவாக்கலேய்" என்று அடித்தான் பாருங்கள், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இதைப் பெரிதாகச் சொல்லவில்லை. விளையாட்டு முடிந்து, "மிச்சக் காசு எவ்ளோடா?" என்று கேட்டதற்குப் 'பத்து' சொல்ல ஆறு நொடி எடுத்தான். நான் காத்திருந்தேன். ஆறு நொடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முன் வரிசைக் கால்களும் அன்றைக்குச் சும்மா இருந்தன, ஏனென்று தெரியாது, பஸ் விளையாட்டின் குஷியாக இருக்கலாம்.

இடாப்பைப் பற்றித் தனியாகக் கேட்டேன். கையைத் தூக்கினால் போதும், சொல்ல வேண்டாம் என்றேன். அவன் தலையாட்டினான், வேண்டாமாம். நேரம் எடுத்துச் சொன்னது: "மொ... மொத ஆளா கூப்புடுங்க டீச்சர்." கொட்டகலை அண்ணா, அந்த 22 பெயர் என்று நீங்கள் எழுதியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது இடாப்பை 23இல் தொடங்கி, கடைசிவரை போய், பிறகு ஒன்றிலிருந்து 22வரை வருகிறேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்டார்கள். மேலிருந்தே கூப்பிட்டு அலுத்துவிட்டது என்றேன், நம்பிவிட்டார்கள். திக்கல் குறையவில்லை. கால் மட்டும் சில நாள் தட்டுகிறது, சில நாள் தட்டுவதில்லை.

சிக்கல் சின்னவளின் அம்மாதான். மறுபடி கிளினிக் என்றதும், "ஞாயித்துக்கெழமைன்னா வர்றேன்" என்றார். கிளினிக் ஞாயிறு இல்லை. அவரையும் குறை சொல்ல முடியாது, போனமுறை ஒரு பேர் போய்த் துண்டுதானே கிடைத்தது. என்ன செய்யலாம்?

ராகலை டு ராகமை எழுதியது:

'பெரியம்மா போயிருச்சி' என்று அவளே கண்டுபிடித்தாளே, அதைக் கட்டாயம் கடிதத்தில் எழுதுங்கள். தன் பேச்சைத் தானே கேட்டுப் பிடிப்பதுதான் நாங்கள் முதலில் பழக்கப் பார்ப்பது. அதற்கே எங்களுக்குச் சில பிள்ளைகளோடு மாதக்கணக்கு ஆகும்.

அம்மாவைப் பொறுத்தவரை, முதலில் கடிதத்தையும் பதிவையும் பையனின் அம்மா போகும் நாளில் அங்கே சேர்ப்பியுங்கள். அதைக் கேட்ட பிறகு திகதி கொடுத்தால், படம் காட்டுகிற பத்து நிமிடமாக அது இருக்காது என்று அம்மாவிடம் நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். தமிழ் தெரிந்தவர் எந்த நாள் இருப்பார் என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். ஒரு பேர் போவதென்றால் அந்த நாளில் போகட்டும்.

கரும்பலகை டீச்சர் எழுதியது:

சரி, அப்படியே செய்கிறேன். பையனின் அம்மா வருகிற புதன் போகிறார். பதிவை அவருடைய போனுக்கு வட்சப்பில் அனுப்பிவிட்டேன், கடிதம் இன்றிரவு எழுதுகிறேன். பக்கத்து வகுப்பு டீச்சருக்கும் பாட்டு விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா" என்றார், அவ்வளவுதான்.

தேர்ச்சி அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று பேனையால் எழுதிவிட்டேன். வெட்டித் திருத்தினால் பக்கத்தில் அதிபர் கையொப்பம் வைக்க வேண்டுமாம். நாளைக் காலை கொண்டுபோகிறேன்.